எழுமலையில் இருந்தபடி நான் பார்த்த வியட்நாம்

மாப்ள,

போன வாரம் அடித்த மழையில் கடையின் பின்பக்கத் தகரம் ஒழுகியது. ஒழுகியது என்று சொன்னால் அந்தத் தகரத்துக்கு மானக்கேடு. குற்றாலத்து அருவி அத்தனையும் வழி தவறி சமயநல்லூருக்கு வந்து, என் சிமெண்டு மூட்டைகளின் தலையில் இறங்கின என்று வைத்துக்கொள். மூடுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று பரணில் கையை விட்டுத் துழாவினேன். சுருட்டிக் கட்டிய ஃபிளக்ஸ் ஒன்று கைக்கு வந்தது. உதறி விரித்ததும் அந்த மை வாசம் குப்பென்று அடித்தது, பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை.

பத்தடிக்கு ஆறடி. அதில் நீயும் நானும். முதுகில் ஆளுக்கொரு பெரிய பை. நமக்குப் பின்னால் ஒரு விமானம். விமானத்துக்கும் பின்னால், எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாத ஒரு சிங்கம். தலைக்கு மேலே ரத்தச் சிவப்பில் எழுத்து: "வியட்நாமே, வழி விடு!"

பிடித்தபடி நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரி வந்து, "என்னங்க, சிமெண்டு பூராம் கல்லாப் போகுது, நீங்க உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று ஒரு போடு போட்ட பிறகுதான் சுரணை வந்தது. மூட்டையின் மேல் விரித்தேன். உன் முகம் ஒழுகலில் படாதபடி உள்ளே மடக்கிவிட்டேன். என் முகம் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. தினம் இரண்டு வேளை ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முக்கால்வாசி உனக்குத் தெரிந்ததுதான். நீ போன பிறகு நடந்தது மட்டும் தெரியாது. ஆனால் முதலிலிருந்தே சொல்கிறேன். உள்ளது உள்ளபடி சொல்லிப் பழக்கமில்லாத வாய், மாப்ள. நடுவில் எங்காவது ஒரு யானை, ஒரு சிங்கம் நுழைந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

மதுரைக்குள் அந்த மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தாய். நீ எழுதிக் கொடுத்த மாற்றுச் சான்றிதழ்களை வரிசையாக ஒட்டினால் இங்கிருந்து டெல்லி வரைக்கும் போகும், திரும்பி வரவும் மிச்சம் இருக்கும். அச்சடித்த மாதிரி எழுத்து. பள்ளி வாசலில் நின்றால் கோயில் கோபுரம் தெரியும். முதுகில் ஆளுயரப் பை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்த வாசலில்தான் வந்து வழி கேட்பார்கள். கோயிலுக்கு எப்படி, மகாலுக்கு எப்படி, ரயிலுக்கு எப்படி. நீ பேனாவை மூடி வைத்துவிட்டு இறங்கிவந்து, தெருமுனை வரைக்கும் கூடவே போய்க் காட்டிவிட்டு வருவாய். ஓய்வு பெற்ற மறுநாள் டீக்கடையில் சொன்னாய்.

"மாப்ள, முப்பத்திரண்டு வருசமா கண்டவனுக்கெல்லாம் வழி சொல்லிட்டேன். ஒரு தடவயாச்சும் தெரியாத ஊர்ல போயி நின்னு, நான் வழி கேக்கணும்."

"அதுக்கு எதுக்கு வியட்நாமு? திண்டுக்கல்லுக்குப் போயிக் கேளு."

"திண்டுக்கல்லுல எனக்கு எல்லா வழியும் தெரியும்."

டூர் கம்பெனியில் சேர்ந்து போகலாமே என்று யாரோ சொன்னார்கள். "முன்னால ஒருத்தன் கொடி பிடிச்சுக்கிட்டுப் போவான், பின்னால நான் போகணும். அதுக்கு ஆபீஸ்லயே இருந்திருப்பேன்" என்றாய். பையைத் தூக்கிக்கொண்டு நாமாகவே போக வேண்டும், தங்குகிற இடத்தை அங்கே போய்த் தேட வேண்டும், பஸ்ஸில் போக வேண்டும். அவ்வளவுதான் உன் திட்டம். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

மெதுவாகச் சொன்னதை நான் மெதுவாக விடுகிற ஆளா? பெஞ்சில் எழுந்து நின்று அறிவித்தேன். நானும் வருகிறேன் என்றேன். நான் இல்லாமல் நீ கடலைத் தாண்டினால் கடலே ஒத்துக்கொள்ளாது என்றேன். மறுநாள் பொழுது விடிவதற்குள் செய்தி சோழவந்தானைத் தாண்டிவிட்டது. காது குத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் ஃபிளக்ஸ் வைக்கிற ஊர் நம்முடையது. கடல் தாண்டுகிற இரண்டு கிழவன்களுக்கு வைக்காமல் விடுமா? நாலுவழிச் சாலை ஓரத்தில் கம்பு நட்டு நிறுத்திவிட்டார்கள். நீ அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய். "என்னா மாப்ள இது, போயிட்டு வந்தபெறகுல்ல வைக்கணும்? போகுறதுக்கு முன்னாடியேவா?" என்றாய். நான் சிங்கத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

பைகளைப் பிரித்துக் கட்டினோம். பாஸ்போர்ட், வரைபடம், ஊர்ப்பெயர் எழுதிய காகிதம் எல்லாம் உன்னிடம். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், மாத்திரை எல்லாம் என்னிடம். அதாவது சமையல்கட்டும் மருந்துக்கடையும் என் முதுகில். கிளம்புகிற அன்று மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறும்போது கோயம்புத்தூரிலிருந்து உன் மகள் எனக்கு ஃபோன் பண்ணினாள்.

"மாமா, அப்பாவுக்குச் சுகரு. அவரு எதையும் வெளிய சொல்ல மாட்டாரு. நீங்க கூட இருக்கீங்கன்னு நம்பித்தான் விடுறேன்."

"தாயி, உங்கப்பன் கால்ல ஒரு முள்ளு குத்தட்டும், வியட்நாமுல முள்ளுச் செடியே இல்லாம ஆக்கிட்டுத்தான் திரும்புவேன்."

அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்காமல், நிஜமாகவே முள்ளுச்செடியை வெட்டப் போகிறவன் போல உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் திருச்சி விமான நிலையம். வாசலுக்கு வெளியே வியட்நாம்காரர்கள் ஏழெட்டுப் பேர், வந்து இறங்கியவர்கள் போலிருக்கிறது, நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல ஒட்டுக் கேட்டேன். ஒரு சொல் புரியவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார்கள். அதுவும் புரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. அங்கே இறங்கினால் பன்னிரண்டு நாளும் நான் ஊமை. என்னிடம் இருப்பது வாய் ஒன்றுதான் மாப்ள. படிப்பில்லை, பவிசில்லை. வாய் இருப்பதால்தான் ஊரில் எனக்கு ஒரு நாற்காலி. அதைப் பிடுங்கிவிட்டால் பிதுங்கிய வயிறும் பழைய செருப்புமாக ஒரு கிழவன் மிச்சம். பையைக் கீழே இறக்கிவிட்டேன்.

"இடுப்புப் பிடிச்சிருச்சு மாப்ள" என்றேன்.

நீ என் இடுப்பைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாய். "எப்ப?"

"இப்பத்தான்."

"உக்காரு."

உட்கார்ந்தேன். பக்கத்தில் நீயும் உட்கார்ந்தாய். 'சரி, ரெண்டு பேரும் திரும்பிருவோம்' என்று நீ சொல்லுவாய் என்று காத்திருந்தேன். சத்தியமாக அதைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாய். பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாய்.

"நீ பஸ் ஏறு மாப்ள. நான் போயிட்டு வாரேன்."

"ஊர்ல ஃபிளக்ஸ் நிக்கிதேடா!"

ஊருக்குள் நான் எந்த முகத்தோடு போவேன் என்பதுதான் அப்போதும் என் கவலை. நீ தனியாகப் போகிறாய் என்பது இரண்டாவது கவலை. நீ யோசித்தாய். "பன்னெண்டு நாளு எங்கயாச்சும் இரு. நான் வந்து இறங்குறப்ப இங்க வந்துரு. சேந்தே போவோம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டு. சுகர் மாத்திரையை மட்டும் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மற்ற மாத்திரைகளை நீயும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனாய். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஓடியே வந்திருப்பேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் புளுகு.

எழுமலையில் என் அக்கா வீடு உனக்குத் தெரியுமே. ஊருக்கு வெளியே, கத்தரித் தோட்டத்துக்குள். முதுகில் பையோடு போய் நின்றேன்.

"ஏண்டா, வியட்நாமு போறேன்னு மேளம் அடிச்ச, இங்க வந்து நிக்கிற?"

"விமானம் ரிப்பேருக்கா."

"பன்னெண்டு நாளைக்கா ரிப்பேரு?"

"பெரிய விமானம்."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கூடையைக் கையில் கொடுத்து, கத்தரிக்காய் பறிக்க விட்டாள். வீட்டுக்காரியிடம் அங்கே நம்ம சிம் வேலை செய்யாது என்று சொல்லியிருந்தேன், அதனால் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அது பையிலேயே கிடந்தது. உனக்கென்று கட்டிய இட்லிப் பொடியை நான் மூன்று வேளையும் தின்றேன். மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்து, நீ இப்போது எங்கே போயிருப்பாய் என்று நினைத்துப்பார்ப்பேன். எனக்கு அந்த நாட்டில் ஒரு ஊர் பெயர்கூடச் சரியாக வாயில் நுழையாது. ஆகவே நினைப்பில் நீ எப்போதும் திண்டுக்கல்லிலேயே நடந்துகொண்டிருந்தாய்.

பன்னிரண்டாம் நாள் திருச்சிக்குப் போகும் வழியில்தான் ஃபோனைத் திறந்தேன். வாட்ஸ்அப்பில் உன் அழைப்பு ஏழு. ஏழும் ஒன்பதாம் நாள், மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில்.

நீ வெளியே வந்தாய். கறுத்து, மெலிந்து, காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்போடு. ஆனால் மாப்ள, உன் நடை மாறியிருந்தது. ஆபீஸ் நடை போய்விட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தாய், நம்ம திருச்சியையே புது ஊர் போல. எனக்கென்று ஒரு ஓலைத் தொப்பி வாங்கி வந்திருந்தாய், கூம்பு வடிவில். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, பரீட்சைக்குப் பாடம் நடத்துகிற மாதிரி ஆரம்பித்தாய். நான் ஊரில் போய்ச் சொல்ல வேண்டுமே!

விராலிமலை தாண்டும்போது சைகோனில் இறங்கினேன். ரோட்டைக் கடக்க முடியாமல் நாற்பது நிமிடம் நடைபாதையில் நின்றாயாம். ஸ்கூட்டர் ஆறு மாதிரி வருமாம், வற்றாத ஆறு. பிறகு உனக்கே பிடிபட்டதாம். "நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது மாப்ள. ஒரே சீரா நடந்துகிட்டே இருக்கணும். அவனவன் ஒதுங்கிப் போயிக்கிருவான்." துவரங்குறிச்சியில் நிற்கும்போது, குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் நடைபாதையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சூப்பு குடித்தேன். கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சை இலை வைப்பார்களாம். "ஆட்டுக்கு வச்சத எனக்கு மாத்தி வச்சுட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாய். சொட்டுச் சொட்டாக இறங்குகிற காப்பி. படுத்துக்கொண்டே போகிற பஸ், அதில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்களாம். ஒரு அறையில் எட்டுக் கட்டில், மேலும் கீழுமாக. மற்ற ஏழிலும் ஏழு நாட்டுப் பிள்ளைகள். உன்னை "அங்கிள்" என்று கூப்பிட்டார்களாம். கொட்டாம்பட்டியில் விளக்குத் தொங்கும் ஆற்றங்கரை ஊர். தினமும் பத்துப் பேரிடம் வழி கேட்டேன் என்றாய். தெரிந்த வழியைக்கூடக் கேட்டேன் என்றாய். ஒருத்தி கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து காட்டினாளாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாய்.

பிறகு எட்டாம் நாளிலிருந்து நேராகப் பதினொன்றுக்குத் தாவினாய்.

"நடுவுல ரெண்டு நாளு?"

"ஹுவேன்னு ஒரு ஊரு. ஒரே மழை. ஒன்னும் பாக்கல."

"ஏழு தடவ ஃபோன் பண்ணியிருந்தியே மாப்ள."

"சும்மாதான்" என்றாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். மேலூர் வந்துவிட்டது, நான் ஹனோய் போய்ச் சேர்ந்திருந்தேன். ஒத்தக்கடையில் ஒருமுறை திருப்பிக் கேட்டாய், நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "பாஸ்" என்றாய்.

ஊரில் மாலை, சால்வை, வேட்டு. அப்புறம் அந்த டீக்கடைப் பெஞ்சில் நான் நடத்திய வியட்நாமுக்கு ஈடாக வியட்நாமே இருக்காது. முதல் மாதம் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டாவது மாதம் மழை கொஞ்சம் கூடியது. ஆறாவது மாதம் ஆற்றில் முதலை வந்தது. ஒரு வருடத்தில், ஹனோய் நகரத்து மேயர் என் மீசையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். "ஃபோட்டோல ஒன்னுலகூட நீங்க இல்லையேண்ணே?" என்று கேட்டவனிடம், "எடுத்தது யாருடா, ஒங்கப்பனா? நாந்தான்டா!" என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடிப்பாய். யாராவது "அப்படியாண்ணே?" என்று உன்னைக் கேட்டால், "ஆமாமா" என்பாய். எத்தனை வருடம்! ஒரு தடவைகூட உன் முகம் சுளிக்கவில்லை.

அந்த ரோட்டைக் கடந்த கதைக்குள் என் கை எப்போது நுழைந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. முதலில் நீ தனியாகக் கடந்தாய். பிறகு நாம் இருவரும் கடந்தோம். கடைசியில் பயந்து நின்ற உன் கையைப் பிடித்து நான் கடக்க வைத்தேன். ஊரே அதைத்தான் நம்பியது. பாவம் பயந்த மனுசன், அண்ணன்தான் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வந்தாரு. உன் காதுபட எத்தனை பேர் சொன்னார்கள்! அதற்கும் "ஆமாமா" என்றாய்.

நீ பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சரிந்துவிட்டாய் என்று காலையில் செய்தி வந்தது. அடக்க ஆராதனையில் போதகர், நெருங்கிய நண்பர் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். பெட்டிக்குள் நீ வெள்ளை வேட்டியில். சர்ச் நிறைய ஆள். மைக் கைக்கு வந்ததும் அந்தப் பாழாய்ப்போன வாய் தானாகத் திறந்தது. சைகோன், ஸ்கூட்டர் ஆறு, பயந்து நின்ற நீ, உன் கையைப் பிடித்த நான். "அன்னைக்கு ரோட்டக் கடக்க வச்சேன், இன்னைக்கு அவன் எனக்கு முன்னால கடந்துட்டான்" என்று முடித்தேன். சபையே அழுதது. உன் மகள் முன்வரிசையில் விம்மினாள். மாப்ள, நீ என் பக்கத்தில் கிடந்தாய். ஆறடி தூரம்கூட இல்லை.

பத்து நாள் கழித்து அவள் என் கடைக்கு வந்தாள். பெயிண்டு டப்பா மேல் உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்ன நோட்டு. வியட்நாமில் நீ தினம் ஒன்றிரண்டு வரி எழுதிவைத்தது. எனக்குக்கூட நீ காட்டாதது.

"மாமா, அப்பா பீரோவுல இருந்துச்சு. அங்க அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீங்களும் சொல்லல, நான் பயந்துருவேன்னு. நீங்கதான் ரெண்டு நாளும் பக்கத்துல இருந்து பாத்திருப்பீங்க." எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன் மாமா."

நோட்டைக் காட்டினாள். அச்சடித்த மாதிரி எழுத்து. "ஒன்பதாம் நாள். ஹுவே. காய்ச்சல். மேல் கட்டில். இறங்க முடியவில்லை." அடுத்த பக்கம்: "பத்தாம் நாள். காய்ச்சல் குறைவு. மழை நின்றது. வாசல் வரை போய் ஒருவரிடம் வழி கேட்டேன்."

'ஆமா தாயி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஈரத்துணி வைத்தேன், கஞ்சி காய்ச்சினேன், வியட்நாம் வைத்தியரைத் தோளில் தூக்கி வந்தேன், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எல்லாம் வரிசையில் நின்றன. அவள் பிடித்திருந்த கை எனக்குச் சுட்டது.

"நான் போகல தாயி" என்றேன்.

"எங்க போகல?"

"வியட்நாமுக்கு. உங்கப்பன் தனியாத்தான் போனான். நான் எழுமலையில கத்தரிக்காய் பறிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் முதலில் சிரித்தாள், இதுவும் என் கதைகளில் ஒன்று என்று. நான் சிரிக்காததைப் பார்த்துக் கையை விட்டாள். திருச்சி வாசல், இடுப்பு, அணைத்துப் போட்ட ஃபோன், என் பையிலேயே தங்கிவிட்ட காய்ச்சல் மாத்திரை, எல்லாம் சொன்னேன். அந்த ஏழு அழைப்பையும் சொன்னேன். நோட்டைப் புரட்டி ஒன்பதாம் நாளை மறுபடி பார்த்தாள். பிறகு யாரிடமோ கணக்குக் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டாள்.

"தினமும் எங்கிட்டப் பேசுவாரு. மாமாகிட்ட ஃபோனக் குடுங்கன்னா, குளிக்கிறாரும்பாரு, தூங்குறாரும்பாரு. அந்த ரெண்டு நாளு மட்டும் பேசல. நெட் இல்லன்னு அப்புறம் சொன்னாரு. ஆனா உங்களுக்கு ஏழு தடவ பண்ணியிருக்காரு."

"ஆமா."

"எனக்கு ஏன் மாமா பண்ணல?"

பதிலையும் அவளேதான் சொன்னாள்.

"காய்ச்சல்னு சொல்லியிருந்தா, நான் விட்டிருப்பேனா? எந்திரிச்சுப் போயி மாமாகிட்ட ஃபோனக் குடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னுருப்பேன். நீங்க கூட இல்லன்னு தெரிஞ்சு போயிருக்கும்."

மாப்ள, நானும் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பெயிண்டு ரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நான் பெற்றெடுக்காத பிள்ளை, உன் பிள்ளை, அவள் கண்ணில் நான் தாழ்ந்துவிடக் கூடாது என்று, இறங்க முடியாத கட்டிலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் இட்லிப் பொடி தின்றுகொண்டிருந்தேன்.

கடை வாசலில் செருப்பை மாட்டும்போது உன் மகள் சொன்னாள்: "உங்கள மன்னிக்கிறதா வேணாமான்னு எனக்குத் தெரியல மாமா. அது அப்புறம். ஊருல சொல்லுங்க. எங்கப்பா தனியாப் போனாருன்னு சொல்லுங்க. எங்கப்பாவக் கோழைன்னே நானும் நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

மறுநாள் காலையில் டீக்கடையில் சொன்னேன். பெஞ்சில் ஐந்தாறு பேர். எழுந்து நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகக் கை காலை ஆட்டாமல் சொன்னேன். முடித்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு ஒருத்தன் தொடையைத் தட்டினான்.

"அண்ணே, இம்புட்டு நாளு நீங்க விட்டதுலயே இதுதாண்ணே டாப்பு!"

"டேய், நிசமாத்தான்டா."

"செத்துப்போன மனுசன ஒசத்திச் சொல்றீங்க, நல்ல மனசுண்ணே உங்களுக்கு. ஆனா நம்புற மாதிரிச் சொல்லுங்க. ரயில்வே கேட்டத் தாண்டவே துணைக்கு ஆளு தேடுவாரு, அவரு தனியா வியட்நாமு போனாராம்!"

சிரிப்பு. அக்காவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஆமா, இங்கதான் கெடந்தான், தோட்டத்துல பாதிய இவனே தின்னு தீத்தான்" என்றாள் அக்கா. "அக்காவுக்கும் பாடம் சொல்லிக் குடுத்துட்டீங்களாண்ணே!" என்று இன்னும் பெரிய சிரிப்பு. உன் நோட்டைப் பற்றிச் சொன்னேன். மேல் கட்டிலைச் சொன்னேன். என் தலையில் நானே அடித்துச் சத்தியம் செய்தேன். எனக்குச் சால்வை போர்த்திய அதே கைகள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தன. இத்தனை வருடம் நான் விட்ட முதலையை நம்பினார்கள், மேயரை நம்பினார்கள். நீ நடந்ததை நம்பவில்லை. அந்த அளவுக்கு உன்னை அவர்களிடம் சின்னவனாக ஆக்கி வைத்திருக்கிறேன். அதற்கப்புறமும் தினம் போகிறேன், தினம் சொல்கிறேன். தினம் சிரிக்கிறார்கள்.

நேற்று, கூட்டம் கலைந்த பிறகு, டீ மாஸ்டர் கிளாஸை அலசிக்கொண்டே கேட்டார். இத்தனை நாளும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே, மேக்கட்டில்ல இருந்து எறங்க முடியலன்னு எழுதியிருந்தாருன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா மாஸ்டர்."

"அப்ப அன்னைக்கு அவருக்குத் தண்ணி யாரு எடுத்துக் குடுத்தது?"

அவர் நம்பிவிட்டார். நம்பியவர்தான் இப்படிக் கேட்க முடியும். எனக்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும், உனக்குத் தெரியும். கீழ்க்கட்டிலில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், வெள்ளிக் கூஜாவில், வெந்நீர், கூடவே தேன். நாக்கு நுனிவரை வந்து நின்றாள். விழுங்கினேன்.

"தெரியல மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தார். நான் கடைக்கு வந்துவிட்டேன். அப்போதிருந்து வேறெதுவும் ஓடவில்லை. போன ஊரிலெல்லாம் உன்னை அங்கிள் என்று கூப்பிட்ட அந்தப் பிள்ளைகள், மழையென்று வெளியே போகாமல் அறையில் இருந்திருப்பார்களா? மற்ற ஏழு கட்டிலும் காலியாகக் கிடந்தனவா? பாட்டில் கை எட்டுகிற தூரத்தில் இருந்ததா? ஒருவேளை தண்ணீர் வேண்டும் என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டாயா, அவ்வளவு தூரத்திலிருந்து, வேறு யாரிடம் எந்தப் பாஷையில் கேட்பது என்று தெரியாமல்?

யார் கொடுத்தது மாப்ள? யாராவது கொடுத்தார்களா?